புறங்கைப் பந்து

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் உட்காரும் சீட்டுக்குப் பக்கத்தில், டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். பதினான்கு வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் அவளுடைய வலது கால் இருந்தது. அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் சரி, சினிமா பார்த்தாலும் சரி, எதிரே ஏதாவது வேகமாக வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். ஒருமுறை பல் டாக்டர் ஊசியோடு குனிந்தபோது அவள் அழுத்திய அழுத்தில் நாற்காலியின் கால்பலகை கழன்று விழுந்தது. அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் அவளுடைய அக்காதான் உட்கார்ந்திருந்தாள். "மானத்த வாங்கிட்டியேடி" என்று அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை, அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் இல்லை, அக்காவைத் தவிர. காலையில் ஆறு மணிக்குச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், நாள் முழுக்க யாராவது ஒருவர் அவளைச் சுவரிலோ கம்பத்திலோ கொண்டுபோய் இடிக்கப் பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே பிரேக்கை அழுத்துவாள். இதுதான் வாழ்க்கை என்று நிம்மதியாக இருந்தாள், அக்கா மகள் சாஃப்ட்பால் ஆடத் தொடங்கும் வரை.

அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி அணியில் பந்து வீசுகிறவள். சாஃப்ட்பாலில் பந்தை மேலிருந்து எறியக் கூடாது. கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் வரும்போது கீழிருந்து விட வேண்டும். அப்படி அவள் விட்டால் பந்து விர்ரென்று போகும். தோழிகள் அவளுக்குப் புல்லட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வந்ததிலிருந்து நடையே மாறிவிட்டிருந்தது.

ஒரு புதன்கிழமை, கற்றுக்கொள்ள வர வேண்டியவர் காய்ச்சல் என்று சொல்லிவிட, பிரேக் டீச்சர் புல்லட்டை அழைத்துவரப் பள்ளிக்குப் போனாள். வேறொரு பள்ளியோடு மேட்ச் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு இன்னிங்ஸ் எதிரணிப் பெண்களால் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. மூன்றாவதிலிருந்து கதை மாறியது. ஒருத்தி அடித்தாள், அடுத்தவளும் அடித்தாள். அதற்கப்புறம் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போனாள்.

பி.டி. மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "வேகம்! இன்னும் வேகம்!"

புல்லட் இன்னும் வேகமாகப் போட்டாள். பந்து அதே வேகத்தில் திரும்பி அவள் தலைக்கு மேலே பறந்துபோனது. ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

காரில் ஏறியதும் புல்லட் அழுதாள். "இதுக்கு மேல வேகமா போட முடியாது சித்தி. கை கழண்டு பந்தோடயே போயிடும்."

"வேகம் எல்லாம் போதும்டி. ஆனா உன் பந்து டயத்துக்கு வர்ற பஸ் மாதிரி இருக்கு. எப்ப வரும்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் சரியா வந்து நின்னு ஏறிக்கறாங்க."

அழுகை நின்றது. "உனக்கு என்ன தெரியும் சித்தி சாஃப்ட்பாலப் பத்தி?"

நியாயமான கேள்விதான். பிரேக் டீச்சர் அதை வீட்டில் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. கல்லூரியில் மூன்று வருடம் அவள் அணியில் இருந்தாள். இருந்தாள் என்றால், பெஞ்சில் இருந்தாள். பந்து வீச ஒருத்தி உண்டு. அவளுக்குக் கை வலித்தால் போட இன்னொருத்தி உண்டு. அவளுக்கும் வலித்தால்தான் இவள். மூன்று வருடத்தில் இருவருக்கும் ஒரே நாளில் கை வலிக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல், ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணிக்கொடியில் ஒரு பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு பந்தை வீசிப் பழகினாள். கை முழு வேகத்தில் சுற்றும். ஆனால் விடும்போது உள்ளங்கைக்குப் பதிலாகப் புறங்கை முன்னால் வரும். பந்து கைக்குப் பின்னால் ஒளிந்திருந்து சோம்பேறித்தனமாக வெளியே வரும். கேப்டனிடம் போட்டுக் காட்டியபோது, "இது பந்தா, பஞ்சுமிட்டாயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். அதோடு அந்தப் பந்தின் கதை முடிந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் புல்லட் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா போடறதுக்கா இவ்ளோ பெரிய கதை?" என்றாள்.

"மெதுவா போடறது இல்ல. நீ வேகமாத்தான் போடணும். பந்து மட்டும் மெதுவா போகணும்."

"அது எப்படி? பந்து காதுல தனியா ரகசியம் சொல்லணுமா?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் இருவரும் நின்றார்கள். எட்டுப் போட்டுப் பழக வைத்திருக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளில் இரண்டை எடுத்துப் பதின்மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்தாள் டீச்சர். ஒரு கூம்புக்குப் பக்கத்தில் புல்லட்டை மட்டையோடு நிறுத்தினாள். மஞ்சள் பந்தைக் கையில் எடுத்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. சீருடைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, தோளை இரண்டு தடவை உருட்டினாள். எங்கேயோ ஒரு எலும்பு டப் என்றது.

"சித்தி, பாத்து. அம்மா என்னத்தான் திட்டுவா."

"வாய மூடிட்டு அடி."

கை சுற்றியது. சுற்றிய வேகத்தைப் பார்த்துப் புல்லட் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை முழு மூச்சாக வீசினாள். மட்டை போனது, அதைப் பிடித்திருந்த கை போனது, கையோடு சேர்ந்து உடம்பு ஒரு சுற்று சுற்றியது. அவள் முழுதாகச் சுற்றித் திரும்பி வந்து நின்ற பிறகுதான் பந்து அவளைக் கடந்து, மெல்ல, விருந்தாளி மாதிரி கூம்பைத் தொட்டு நின்றது.

புல்லட் பந்தைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். உட்கார்ந்தவள் படுத்தேவிட்டாள். டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தார்கள். கடைசியில் புல்லட் மூச்சு வாங்கிக்கொண்டே, "சொல்லிக்குடு. இப்பவே சொல்லிக்குடு" என்றாள்.

சொல்லிக்கொடுப்பது சிரிப்பது மாதிரி சுலபமாக இல்லை. "கை ரெண்டும் ஈரமா இருக்கும்போது கதவ எப்படித் தள்ளுவ? புறங்கையாலதான? அப்படித் தள்ளு" என்றாள் டீச்சர். புல்லட் தள்ளினாள். பந்து நேராக வானத்துக்குப் போனது. கொஞ்சம் முன்னாலேயே விடச் சொன்னாள். பந்து அவளுடைய கால் கட்டைவிரலின் மேலேயே விழுந்தது. அதற்கடுத்தது எங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. பத்து நிமிடம் தேடி, ஆபீஸ் கூரைத் தகரத்தின் மேலிருந்து எடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வேறு. மெதுவாகப் போக வேண்டும் என்று நினைத்தவுடனே புல்லட்டின் கையும் மெதுவாகிவிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கே இதோ பஞ்சுமிட்டாய் வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

டீச்சர் யோசித்துப் பார்த்து அவளைக் காரில் பக்கத்து சீட்டில் ஏற்றினாள். எஞ்சினைக் கிளப்பி, கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. கார் முழுக்க நடுங்கியது. ஆனால் வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது.

"இதுக்குப் பேரு ஹாஃப் கிளட்ச். சத்தத்தக் கேட்டா எரநூறு கிலோமீட்டர்ல போற மாதிரி இருக்கா? வெளிய எறங்கி நடந்தா நீ முந்திடுவ. உன் கைதான் எஞ்சின். அது உறுமணும், ஊரே நடுங்கற மாதிரி உறுமணும். பந்துதான் வண்டி."

புல்லட் டாஷ்போர்டின் மேல் கையை வைத்து அந்த நடுக்கத்தை உணர்ந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அதற்குள் ஏழு மணி மாணவர் வந்துவிட்டார். ரிட்டயர் ஆன பேக்கரிக்காரர். முப்பத்தைந்து வருடம் பாதி ராத்திரியில் எழுந்து ரொட்டி சுட்டவர். இப்போது கார் ஓட்டியே தீருவேன் என்று நாலு தடவை டெஸ்டுக்குப் போய், நாலு தடவையும் ரிவர்ஸில் கூம்பின் மேல் ஏற்றிக் கொன்றவர். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு மஞ்சள் பந்து வந்து பானெட்டின் மேல் தொம்மென்று விழுந்தது. டீச்சரின் கால் பிரேக்கை அழுத்தியது. பேக்கரிக்காரரின் காலும் அழுத்தியது. இரண்டு பேர் அழுத்தியதில் கார் குதித்து நின்றது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "டீச்சர், ரிவர்ஸ் எடுக்கறப்ப மேலயும் பாக்கணுமா?"

அன்றிலிருந்து பேக்கரிக்காரர் ஆறு மணிக்கே வரத் தொடங்கினார். பந்து பொறுக்கிப் போடுவார். புல்லட் ஒவ்வொரு பந்தையும் வீசி முடித்ததும், "பாப்பா, எஞ்சின் போதல, எஞ்சின் போதல" என்று டீச்சருக்கு முன்னாலேயே தீர்ப்பும் சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஹாஃப் கிளட்ச் பிடிபட்டது. ஐந்தாவது டெஸ்டில் ஒரு கூம்பும் சாகவில்லை. லைசென்ஸை வாங்கிக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்து, டீச்சரிடம் காட்டுவதற்கு முன்னால் புல்லட்டிடம் காட்டினார்.

வீட்டில் நடந்தது தனிக் கதை. வீட்டுக்குள் பந்து கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், புல்லட் காலுறைகளைச் சுருட்டி உருண்டையாக்கி, புறங்கையால் விட்டுப் பழகினாள். சமையலறையில் விட்டாள், கூடத்தில் விட்டாள், பல் தேய்த்துக்கொண்டே விட்டாள். ஒரு சாயங்காலம் அக்கா டீ குடிக்க உட்கார்ந்தபோது, காலையிலிருந்து மின்விசிறி இறக்கையின் மேல் உட்கார்ந்திருந்த காலுறை ஒன்று, சுவிட்சைப் போட்டதும் கிளம்பி, அவள் கோப்பைக்குள்ளேயே வந்து இறங்கியது.

மறுநாள் காலை அக்கா மைதானத்துக்கே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் புடவையில், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

"ஏன்டி, நான் தினமும் பாக்கறேன், பல்லு போனவங்க எப்படி வந்து நிக்கறாங்கன்னு. பந்து பட்டு இவ முன்னாடி பல்லு போச்சுன்னா? நீயும் பெரியவளா லட்சணமா சொல்லாம, கூட சேந்து கூத்தடிக்கற. நாளைக்கே நிறுத்தணும்."

"சரிக்கா, நிறுத்திடறோம். ஒரே ஒரு பந்த மட்டும் அடிச்சிட்டுப் போ. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறோம்."

"எனக்கெதுக்குடி மட்டை?"

"அம்மா, பயமா?" என்றாள் புல்லட் தூரத்திலிருந்து.

அந்த ஒரு வார்த்தை போதும். அக்கா கைப்பையைப் பேக்கரிக்காரரிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மட்டையைப் பாத்திரம் விளக்கும் பிரஷ் மாதிரி பிடித்துக்கொண்டு முறைத்தாள். புல்லட்டின் கை சுற்றியது, எஞ்சின் உறுமியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினாள். ஒரு செருப்பு கழன்று முன்னால் பறந்தது. செருப்பு தரையில் இறங்கி இரண்டு குட்டிக்கரணம் அடித்து அடங்கிய பிறகு, பந்து சாவகாசமாக அதைத் தாண்டி வந்தது.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். "இன்னும் வரலியா அது?" என்றாள். அப்போதுதான் பந்து அவளைக் கடந்தது.

பேக்கரிக்காரர் கைப்பையால் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் காரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒற்றைச் செருப்போடு நின்று, முதலில் முறைத்து, பிறகு உதட்டைக் கடித்து, பிறகு தாங்க மாட்டாமல், பள்ளிக்கூடப் பெண் மாதிரி ஹீ ஹீ என்று சிரித்தாள். அவளிடமிருந்து அந்தச் சத்தத்தைத் தங்கை பல வருடமாகக் கேட்டதில்லை. அன்று அக்கா வேலைக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனாள். போவதற்குள், "இன்னொண்ணு போடு, இந்தத் தடவ அடிச்சிடுவேன்" என்று நாலு தடவை சொல்லி, நாலு தடவையும் காற்றைத்தான் அடித்திருந்தாள்.

அடுத்த மேட்ச் அதே பள்ளியோடு. பேக்கரிக்காரர் புது லைசென்ஸோடு தன் மருமகனின் காரை எடுத்து வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினார்.

மேட்ச்சில் புல்லட் நன்றாகவே போட்டாள். ஆனால் வேகப் பந்து மட்டுமே போட்டாள். முதல் இன்னிங்ஸ், இரண்டாவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டேயிருந்தது. புறங்கையைக் காணவே காணோம். பேக்கரிக்காரர் நகத்தைக் கடித்தார். "ஏன் போட மாட்டேங்கறா?" என்று அக்கா தங்கையின் தொடையைக் கிள்ளினாள். டீச்சருக்குத் தெரிந்தது. இத்தனை பேர் பார்க்க, தப்பாகப் போனால் ஊரே சிரிக்கும். மொட்டை மாடியில் மெத்தை சிரிக்காது. அதனால் அவள் சத்தம் போடவில்லை, கூப்பிடவில்லை.

கடைசி இன்னிங்ஸ். புல்லட்டின் அணி மூன்று, எதிரணி இரண்டு. எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஓடித் தொட வேண்டிய மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். மட்டையோடு வந்தவள் அந்த அணியிலேயே உயரமான, தோள் அகன்ற பெண். போன தடவை புல்லட்டின் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியவள். இரண்டு தடவை வீசிக் காற்றைத்தான் அடித்தாள், மூன்றாவதும் அப்படிப் போனால் அவுட். விலகிப் போன மூன்று பந்தைத் தொடாமல் விட்டாள். இனி ஒரே பந்து. நன்றாகப் போட்டால் ஜெயிக்கலாம். நாலாவதாக இதுவும் விலகிப் போனால் மூன்றாவது பேஸில் நிற்கிறவள் நடந்தே வந்து ஸ்கோரைச் சமமாக்கிவிடுவாள்.

"வேகம்! வேகம்!" என்று கத்தினார் பி.டி. மாஸ்டர்.

புல்லட் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பார்த்து முகத்தைத் துடைப்பது போல மெல்லப் புறங்கையைத் திருப்பிக் காட்டினாள். புல்லட்டின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. டீச்சரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

கை சுற்றியது. அவ்வளவு வேகமாக அவள் கையைச் சுற்றி டீச்சர் ஒரு நாளும் பார்த்ததில்லை. உயரமான பெண் மலையையே பெயர்ப்பது போல மட்டையை வீசினாள். மட்டை ஒரு முழு வட்டம் போட்டது. அவள் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போது பந்து பாதி வழியில் இருந்தது.

பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளும் பந்து வந்துவிட்டது என்று கையுறையை டப்பென்று மூடிவிட்டாள். மூடிய கையுறைக்குள் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பந்து நிதானமாக வந்து, அவள் மார்புக் கவசத்தில் முட்டி, காலடியில் விழுந்தது.

மைதானமே வாயைப் பிளந்து நின்றது. மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது மூன்றாவது தடவை அடிக்காமல் தவறவிட்ட பந்தை, பிடிக்கிறவள் கீழே விட்டால், மட்டை வீசியவள் முதல் பேஸுக்கு ஓடலாம். அவள் எழுந்து ஓடினால் மற்ற மூவரும் ஓடியே ஆக வேண்டும். உயரமான பெண் எழுந்து ஓடினாள், ஓடத்தான் வேண்டும் என்று மற்றவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது பேஸ்காரி தலைதெறிக்க வந்தாள்.

"பிளேட்ட மிதி!" என்று கத்தினாள் பிரேக் டீச்சர். "பந்த எடுத்துப் பிளேட்ட மிதிடீ!"

"மிதிடீ!" என்று அக்காவும் கத்தினாள், எதை மிதிக்க வேண்டும் என்று தெரியாமலேயே.

பிடிக்கிறவள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு, ஓடி வருகிறவள் தொடுவதற்குள், மட்டைக்காரி நின்ற இடத்தில் பதித்திருந்த ஹோம் பிளேட்டின் மேல் இரண்டு காலாலும் குதித்தாள். ஓடி வந்தவள் இன்னும் இரண்டு அடி தள்ளித்தான் சறுக்கிக்கொண்டிருந்தாள். அம்பயர் ஒரு நொடி யோசித்து, கையை மேலே தூக்கினார். அவுட்.

அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அக்கா முன்பின் தெரியாத ஒரு அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள், சுற்றியதில் மறுபடியும் ஒரு செருப்பு கழன்று பறந்தது. பேக்கரிக்காரர் ஓடிப்போய் மருமகனின் காரில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பிடிக்கிறவள் புல்லட்டைத் துரத்தித் துரத்தி முதுகில் குத்தினாள்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி பாவி!" பி.டி. மாஸ்டர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"அது என்னங்க பந்து? நான் சொல்லிக்குடுக்கலியே."

"டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தது சார்" என்றாள் அவள்.

அவர் மறுபடி தொப்பியைக் கழற்றியபோது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எதிரணியின் உயரமான பெண். கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க மண். அழுத கண். ஆனால் கையில் ஒரு பந்து வைத்திருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அத எப்படிப் போடறது?"

டீச்சர் புல்லட்டைப் பார்த்தாள். எதிரணி, அடுத்த வருடமும் இவர்களோடுதான் ஆட வேண்டும். புல்லட் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. உயரமான பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "கை ஈரமா இருக்குன்னு வெச்சுக்கோ. எதிர்ல கதவு. ஆனா உள்ள எஞ்சின் ஓடணும், புரியுதா?" என்றாள்.

"புரியல."

"எனக்கும் மொதல்ல புரியல. போடு, புரியும்."

அவள் போட்டாள். பந்து நேரே வானத்துக்குப் போனது. எல்லோரும், இரண்டு அணியும், அம்பயரும், ஒற்றைச் செருப்போடு அக்காவும், தலையில் கையை வைத்துக்கொண்டு நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள்.